லாரியில லோடு கட்டுறது எப்படி: தரையில ஆரம்பிச்சு கடைசி பெல்ட் வரைக்கும் முழு வழிகாட்டி

புதுசா லோடு கட்ட வர்றவங்க கிட்ட ஒரே பழக்கத்தை திரும்பத் திரும்ப பார்க்கிறேன். சாமான் ஏறின உடனே கை பெல்ட்டைத் தேடும். நாலு பெல்ட்டை மேல வீசி, ராட்செட்டை (பெல்ட்டை இறுக்குற பல் சக்கரப் பிடி) முறுக்கி, சாமானை ஒரு உலுக்கு உலுக்கிப் பார்த்து, அசையலன்னதும் வண்டியை எடுத்துடுவாங்க. கையால உலுக்குற பலம் எங்க, அடிச்சு பிரேக் போடுறப்ப வர்ற பலம் எங்க.

லோடு சரிஞ்சு நடக்கிற ஆக்சிடெண்ட்ல நிறைய இடத்துல பெல்ட் அறுந்திருக்காது, நல்லாவே இருக்கும். அதுக்கு அடியில சாமான் நகர்ந்து போயிருக்கும், அவ்வளவுதான். அதனால இங்க வரிசை தான் முக்கியம்: முதல்ல தரை, அடுத்து வைக்கிற இடம், அடுத்து முட்டு, அதுக்கப்புறம் தான் பெல்ட். வரிசையை மாத்தினா பின்னாடி எத்தனை பெல்ட் போட்டாலும் ஈடு கட்ட முடியாது, ஏன்னு கீழ கணக்கோட சொல்றேன்.

1. எவ்வளவு பலத்தைத் தாங்கணும்னு முதல்ல தெரிஞ்சுக்குங்க

ஐரோப்பாவோட இ.என் 12195-1 தரத்துலயும் அமெரிக்காவோட சரக்கு கட்டுற விதியிலயும் அடிப்படை எண் கிட்டத்தட்ட ஒண்ணு தான். முன்பக்கம் சாமானோட எடையில 80 சதவீதம், ரெண்டு பக்கமும் 50 சதவீதம், பின்பக்கமும் 50 சதவீதம். 10 டன் சாமான்னா அது முன்னாடி 8 டன் பலத்துல தள்ளும், வளைவுல 5 டன் பலத்துல பக்கவாட்டுல தள்ளும். இதைத் தாங்குற மாதிரி கட்டணும்.

"இவ்வளவு கனமா இருக்கு, தானா உக்காந்துக்கும்"னு சொல்றவங்க எல்லா யார்டுலயும் ஒருத்தராவது இருப்பாங்க. கனம் கூடினா தரையோட பிடிப்பு கூடும், உண்மை தான், ஆனா அதே அளவுக்கு தள்ளுற பலமும் கூடும். 100 கிலோ பெட்டி வழுக்குற பிரேக்ல 10 டன் பெட்டியும் வழுக்கும்.

வளைவுல வேகம் இன்னும் மோசம். பக்கவாட்டு பலம் வேகத்தோட வர்க்கத்துல ஏறும். 40ல திரும்புற வளைவை 60ல திரும்பினா பலம் ஒன்றரை மடங்கு இல்ல, ரெண்டேகால் மடங்கு. "தினமும் போற ரோடு தான், ஒண்ணும் ஆனதில்ல"ன்னு சொல்றவங்க அன்னைக்கு ஒரு நாள் அவசரத்துல போறப்ப தான் சரக்கு ரோட்டுல கிடக்குது.

2. ஏத்துறதுக்கு முன்னாடி கையில இருக்க வேண்டியது

முதல்ல தகவல். சாமானோட எடை, நீள அகல உயரம், கனம் எந்தப் பக்கம் அதிகம், கட்டுறதுக்குன்னு அதுல கொக்கி மாட்டுற இடம் இருக்கா, அடுக்கலாமா கூடாதா. சரக்கு அனுப்புறவங்க எடையைத் தோராயமா சொன்னா விடாதீங்க, எழுதி வாங்குங்க. மெஷின் பெட்டிகள்ல பெரும்பாலும் கனம் நடுவுல இருக்காது, மோட்டார் இருக்கிற பக்கம் சாஞ்சிருக்கும், அது தெரியாம வச்சா முதல் வளைவுலயே தெரிஞ்சிடும்.

அடுத்து சாமான்கள்: ராட்செட் பெல்ட், தேவைப்பட்டா செயினும் அதை இறுக்குற பைண்டரும், ரப்பர் மேட், நல்ல காய்ஞ்ச கட்டைகள், ஆப்பு, மூலைக்கு வைக்கிற காப்பு, தார்ப்பாய், துடைப்பம். ஆமா, துடைப்பம். அதைப் பத்தி அடுத்த படியில.

பெல்ட் ஒவ்வொண்ணையும் முழு நீளத்துக்கும் விரிச்சுப் பாருங்க. ஓரத்துல வெட்டு, உருகின இடம், தையல் பிரிஞ்சது, முடிச்சு, லேபிள் இல்லாதது, இதுல எது இருந்தாலும் ஓரமா வைங்க. முடிச்சு போட்ட பெல்ட்டோட பலம் பாதியாக்கூட குறைஞ்சிடும். கொக்கி வாய் விரிஞ்சிருந்தாலும் அது ஏற்கனவே ஒரு தடவை அளவுக்கு மீறி இழுபட்டிருக்குன்னு அர்த்தம், தட்டி நிமிர்த்தி திரும்ப போடக் கூடாது.

நைலான் கயிறு வேணாமான்னு கேட்பாங்க. லேசான மூட்டை மேல தார்ப்பாயைப் பிடிக்க ஓகே. கனமான சாமானுக்கு வேணாம், இழுவை வந்தா நீண்டு கொடுக்கும், நனைஞ்சா இன்னும் தளரும், எவ்வளவு இறுக்கினோம்னு அளவும் கிடையாது.

3. தரையைக் கூட்டுங்க, மேட் விரிங்க

எல்லாரும் தாண்டிப் போற படி இது, என் கணக்குல இருக்கிறதுலயே அதிக பலன் தர்றதும் இது தான். போன லோடு சிந்தின மணல், தூள், எண்ணெய், தண்ணி, மரத்தூள் எல்லாமே சாமானுக்கும் தரைக்கும் நடுவுல உருளை மாதிரி வேலை செய்யும். சாமான் ஏறினதுக்கு அப்புறம் அடியில கூட்ட முடியாது, அதனால தான் இது முதல் வேலை.

மேட் ஏன்? ஒரு கணக்கு பாருங்க. 4 டன் பெட்டி, முன்னாடி எதுலயும் முட்டாம நடுவுல இருக்கு. மேல குறுக்கா பெல்ட் போட்டு அழுத்திப் பிடிக்கிறோம், ஒவ்வொரு பெல்ட்லயும் 400 கிலோ இறுக்கம் வருது, பெல்ட் நேரா செங்குத்தா இறங்குதுன்னு வச்சுக்குவோம். மர தரையோட பிடிப்பு 0.3.

தள்ளுற பலம் 80 சதவீதம், தரை பிடிக்கிறது 30 சதவீதம், மீதி 50 சதவீதம், அதாவது 2000 கிலோவை பெல்ட் பார்த்துக்கணும். முன்பக்கத்துக்கு இ.என் தரம் சொல்ற 1.25 பாதுகாப்பு மடங்கைப் போட்டா 2500. ஒரு பெல்ட் ரெண்டு பக்கமும் சேர்த்து 800 கிலோ அழுத்தும், அதுல 0.3 தான் பிடிப்பா மாறும், அதாவது 240. 2500ஐ 240ஆல வகுத்தா 10.4, ஆக 11 பெல்ட்.

ஒரே ஒரு பெட்டிக்கு 11 பெல்ட் போட்டு யாராவது பார்த்திருக்கீங்களா?

இப்போ அதே பெட்டிக்கு அடியில ரப்பர் மேட், பிடிப்பு 0.6. மீதி 20 சதவீதம் தான், 800 கிலோ, மடங்கு போட்டா 1000. ஒரு பெல்ட் இப்போ 480 பிடிக்கும். 3 பெல்ட் போதும். பதினொண்ணு மூணாச்சு, அதே பெட்டி, அதே வண்டி, அதே ராட்செட்.

மேட் போடுறப்ப ஒரு விஷயம்: சாமான் முழுசா மேட் மேல தான் உக்காரணும், ஒரு மூலை கூட தரையைத் தொடக் கூடாது. நாலு மூலைக்கும் துண்டு மேட் போட்டா போதும், ஆனா மெலிசா இருந்தா நடுவுல பெட்டி தொங்கி தரையைத் தொடும், அதனால தடிமனையும் பாருங்க. பேலட்டா (சாமான் அடுக்குற பலகைத் தட்டு) இருந்தா பேலட்டுக்கும் தரைக்கும் நடுவுல ஒரு மேட், பேலட்டுக்கும் சாமானுக்கும் நடுவுலயும் வழுக்கும்னா அங்கயும் ஒண்ணு.

4. எங்க வைக்கிறதுன்னு முடிவு பண்ணுங்க

கனமானது கீழ, நடுவுல. இது எல்லாருக்கும் தெரியும். தெரியாம போறது முன் பின் கணக்கு. எல்லாத்தையும் முன் சுவர்ல ஒட்டி ஏத்தினா முன் அச்சுல அனுமதிச்ச எடையைத் தாண்டிடும். ரொம்ப பின்னாடி தள்ளிட்டா முன் சக்கரம் லேசாகி ஸ்டியரிங் பிடிக்காம போகும், ஈர ரோட்டுல திருப்பினா வண்டி நேரா தான் போகும்.

முன் சுவர்ல முட்டவும் வேணும், அச்சு எடையும் மீறக் கூடாதுன்னா, சின்ன கனமான சாமானுக்கு முன் சுவருக்கும் சாமானுக்கும் நடுவுல காலி பேலட்டை அடுக்கியோ கட்டை அடைச்சோ இடைவெளியை நிரப்பலாம். அப்போ சாமானும் சரியான இடத்துல இருக்கும், முன்னாடியும் முட்டியிருக்கும்.

உயரமான சாமான் வழுக்குறதுக்கு முன்னாடி கவிழும். சோதிக்க சுலபமான வழி: அகலத்துல பாதியை, எடை மையம் இருக்கிற உயரத்தால வகுங்க. பக்கவாட்டுக்கு 0.5க்கு கீழ வந்தா தானா கவிழும். 1 மீட்டர் அகலம், 2.2 மீட்டர் உயரம், மையம் 1.1 மீட்டர்ல இருந்தா 0.5 வகுத்தல் 1.1, அது 0.45. இதுக்கு மேல குறுக்கா போடுற பெல்ட் மட்டும் போதாது, மேல் பாதியில பிடிச்சு ரெண்டு பக்கமும் சாய்வா இழுத்துக் கட்டணும், இல்லன்னா பக்கத்துல இன்னொரு சாமானோட சேர்த்து ஒரே கட்டா ஆக்கணும்.

5. முட்டு கொடுங்க, இடைவெளியை மூடுங்க

நகர இடமே இல்லன்னா நகராது. சாமானுக்கு நடுவுல ஒரு சாண் இடைவெளி விட்டா பிரேக் போட்டப்ப அது அந்த ஒரு சாணுக்குள்ள வேகம் எடுத்து முன்னாடி இருக்கிறதைப் போய் இடிக்கும், இடிக்கிற பலம் வெறுமனே தள்ளுற பலத்தை விட ரொம்ப அதிகம். அதனால இடைவெளியை கட்டை, காலி பேலட், காத்து அடைக்கிற பை, எதாலயாவது இறுக்கமா நிரப்புங்க. தெர்மோகோல், அட்டைப்பெட்டி எல்லாம் கணக்குல வராது, நசுங்கிடும்.

முன் சுவரை நம்புறதுக்கு முன்னாடி அது எவ்வளவு தாங்கும்னு கேளுங்க. இ.என் 12642 தரத்துல எல் வகை பாடியோட முன் சுவர் ஏத்தக்கூடிய எடையில 40 சதவீதம் தான் தாங்கும், அதுவும் அதிகபட்சம் சுமார் 5 டன். எக்ஸ்.எல் வகைன்னா 50 சதவீதம், அந்த 5 டன் வரம்பு கிடையாது. 20 டன் லோடு 16 டன் பலத்துல தள்ளும், 0.3 தரை 6 டன் பிடிக்கும், எல் வகை சுவர் 5 டன் பிடிக்கும், மீதி 5 டன்னுக்கு நீங்க ஏதாவது பண்ணியாகணும். சுவர் துருப்பிடிச்சு வெல்டிங் விட்டிருந்தா அந்த 5 டன்னும் கிடையாது.

பக்கத்துல திரை தொங்குற வண்டியில அந்தத் திரை சுவர்னு நினைச்சுக்காதீங்க. சோதனை பண்ணி சான்று வாங்கின சில வண்டிகளைத் தவிர மத்ததுல அது மழைக்கும் தூசிக்கும் மட்டும் தான்.

கட்டை வைக்கிறதுல ஒரு நுணுக்கம். நாலுக்கு ரெண்டு இன்ச் கட்டையை நிக்க வைக்காதீங்க, அகலமான பக்கம் கீழ இருக்கணும். நிக்க வச்சா சாமான் லேசா நகர்ந்ததும் கட்டை உருண்டு படுக்கும், அந்த ரெண்டு இன்ச் இறக்கத்துலயே பெல்ட் மொத்தமும் தளர்ந்துடும். அடுக்கடுக்கா ஏத்துறீங்கன்னா எல்லா அடுக்கு கட்டையும் ஒரே நேர்க்கோட்டுல, ஒண்ணு மேல ஒண்ணா வரணும், பெல்ட்டும் அந்தக் கோட்டு மேலயே போகணும், அப்போ தான் அழுத்தம் தரை வரைக்கும் இறங்கும்.

6. இப்போ பெல்ட்

லேபிளைப் படிங்க. அதுல ரெண்டு எண் இருக்கும். எல்.சி ன்னு ஒண்ணு, எஸ்.டி.எஃப் ன்னு ஒண்ணு, ரெண்டும் டெக்கா நியூட்டன்ல இருக்கும், ஒரு டெக்கா நியூட்டன் கிட்டத்தட்ட ஒரு கிலோன்னு வச்சுக்கலாம். சாதாரண 50 மில்லி பெல்ட்ல எல்.சி 2500ன்னு போட்டிருக்கும். இதைப் பார்த்துட்டு "ஒரு பெல்ட் ரெண்டரை டன் அழுத்தும், 4 டன்னுக்கு ரெண்டு போதும்"னு கணக்கு போடுறாங்க பாருங்க, அங்க தான் பெரும்பாலானவங்க விழுறாங்க.

எல்.சி ன்னா பெல்ட்டை நேரா இழுத்தா அது தாங்குற அளவு. கையால ராட்செட்டை இறுக்கினா நிஜமா எவ்வளவு இறுக்கம் நிக்கும்ங்கிறது எஸ்.டி.எஃப், அது பல பெல்ட்ல 300, 400, நீள கைப்பிடி இருந்தா 500. மேல குறுக்கா போட்டு அழுத்துற கட்டுக்கு இந்தச் சின்ன எண் தான் கணக்கு. சாமானோட கொக்கியில நேரா மாட்டி தரைக்கு இழுக்கிற கட்டுக்கு தான் பெரிய எண். அதனால சாமான்ல கொக்கி மாட்டுற இடம் இருந்தா நேரடியா கட்டுறது எப்பவும் மேல், குறைஞ்ச பெல்ட்ல அதிக பிடிப்பு.

கோணம். பெல்ட் செங்குத்தா இறங்கினா முழு அழுத்தம். 60 டிகிரியில 87 சதவீதம், 45ல 71, 30ல சரிபாதி. உயரம் குறைவான, அகலம் கம்மியான சாமான் நடு தரையில இருந்தா பெல்ட் கிட்டத்தட்ட படுத்துகிட்டே போகும், அப்போ அது அழுத்தவே அழுத்தாது. அந்த மாதிரி சாமானுக்கு மேல குறுக்கா போடுற பெல்ட்டை நம்பாம முட்டும் நேரடி கட்டும் போடுங்க.

எத்தனை? அமெரிக்க விதி ஒரு குறைந்தபட்சம் சொல்லுது, நினைவுல வச்சுக்க சுலபம். முன்னாடி முட்டு இல்லாத சாமான்: 5 அடிக்குள்ள, 1100 பவுண்டுக்குள்ள, அதாவது சுமார் 500 கிலோக்குள்ள இருந்தா 1. அதை விட கனமா இருந்தாலோ 5 அடியில இருந்து 10 அடி வரைக்கும் நீளமா இருந்தாலோ 2. 10 அடிக்கு மேல ஒவ்வொரு 10 அடிக்கும், அதோட துண்டுக்கும், இன்னும் 1. 24 அடி சாமான்னா 4. இதோட எல்லா பெல்ட்டோட வேலைப்பளு வரம்பையும் (பாதுகாப்பா தாங்குற அளவு) கூட்டினா சாமான் எடையில பாதியாவது வரணும். இது அடிமட்டம் தான், மேல போட்ட கணக்குல அதிகம் வந்தா அதிகமா தான் போடணும்.

மாட்டுறது. கொக்கியை வண்டியோட சட்டத்துல, இல்லன்னா எடை எழுதியிருக்கிற வளையத்துல மாட்டுங்க. பக்கப் பலகையில இருக்கிற சின்ன கயிறு கொக்கி ராட்செட்டுக்கு செஞ்சது கிடையாது, நிமிர்ந்துடும். பளு கொக்கியோட அடி வளைவுல விழணும், நுனியில தொங்கக் கூடாது.

இறுக்குறது. பெல்ட்டை ராட்செட் உருளைக்குள்ள விட்டு, தொங்கலை கையால முழுசா இழுத்துட்டு அப்புறம் முறுக்குங்க. உருளையில குறைஞ்சது ஒன்றரை சுத்து வரணும், இல்லன்னா வழுக்கி வெளிய வந்துடும். மூணு சுத்துக்கு மேல போனா உருண்டை பெருத்து அடுத்த பல்லுக்கு திரும்பாது. பைப்பை சொருகி கைப்பிடியை நீட்டி முறுக்குறது கெட்ட பழக்கம், பல்லும் உடையும், பின்னாடி அவுக்கிறப்ப கைப்பிடி பாய்ஞ்சு தாடையில அடிக்கும்.

எல்லா ராட்செட்டையும் ஒரே பக்கம் வைக்காதீங்க. பெல்ட் மூலையில திரும்புறப்ப உராய்வுல இறுக்கம் குறையும், ராட்செட் இருக்கிற பக்கம் டைட்டா இருக்கும், எதிர்ப்பக்கம் லேசா இருக்கும். ஒண்ணு இடது, அடுத்தது வலதுன்னு மாத்தி மாத்தி போட்டா சமமாகும். மூலைக் காப்பு வச்சா பெல்ட் அறுபடாதுன்னு மட்டும் இல்ல, மூலையில வழுக்கி இறுக்கம் எதிர்ப்பக்கமும் போய் சேரும்.

ஒரே சாமானுக்கு ஒரே வேலைக்கு செயினும் பெல்ட்டும் கலக்காதீங்க. பெல்ட் கொஞ்சம் நீளும், செயின் நீளாது. பலம் வர்றப்ப எல்லாத்தையும் செயினே வாங்கும், பெல்ட் சும்மா வேடிக்கை பார்க்கும்.

முன் சுவர் தூரமா இருந்து முட்டு கொடுக்க வழியே இல்லன்னா, சாமானோட முன் முகத்துல ஒரு காலி பேலட்டை நிக்க வச்சு, அதைச் சுத்தி பெல்ட்டைப் போட்டு, ரெண்டு நுனியையும் பின்பக்கமா இழுத்து ரெண்டு பக்க சட்டத்துலயும் கட்டுங்க. பேலட் பெல்ட்டை கீழ நழுவ விடாது, பெல்ட் சாமானை முன்னாடி போக விடாது.

7. சாமானுக்கு ஏத்த மாதிரி மாறுறது

பைப், கம்பம், மரத்தடி: வழுக்குறதும் உருளுறதும் ரெண்டும் உண்டு. பக்கத்துல நிக்கிற தூண்களை விட உயரமா அடுக்காதீங்க. முதல்ல கட்டு கட்டா பெல்ட்டால தனியா சுத்திக் கட்டி, அப்புறம் எல்லாத்தையும் சேர்த்து தரைக்கு இழுங்க. சுத்திக் கட்டினது பைப்பை ஒண்ணா வைக்கும், வண்டியோட பிடிச்சு வைக்காது, அதை ஒரு கட்டா எண்ணக் கூடாது. இரும்பு மேல இரும்பு ரொம்பவே வழுக்கும், அடுக்குக்கு நடுவுல கட்டை இல்லாம நடுவுல இருக்கிற பைப் ஒண்ணு உருவிகிட்டு நேரா டிரைவர் கேபினுக்குள்ள வரும். வெளிய கட்டியிருக்கிற பெல்ட்டுக்கு அது தெரியக்கூட தெரியாது.

இரும்புச் சுருள்: தொட்டில் மாதிரி சட்டத்துலயோ ஆப்போட ஆணியடிச்ச கட்டைக்கு நடுவுலயோ தான் உக்காரணும். உயரம் குறைஞ்ச ஆப்பு மேல ஏறி சுருள் தாண்டிடும். செயின், அதுவும் நடு ஓட்டை வழியா முன்னாடியும் பின்னாடியும் இழுத்து.

சக்கரம், பெல்ட் டிராக் இருக்கிற மெஷின் (மண்ணு தோண்டுற ஜேசிபி மாதிரி): வாளி, கை எல்லாத்தையும் தரையில இறக்கி, பார்க்கிங் பிரேக் போட்டு, திரும்புற மேல்பகுதியைப் பூட்டி, நாலு மூலையிலயும் தனித்தனியா செயின். அமெரிக்க விதியில 10,000 பவுண்டுக்கு, அதாவது சுமார் 4.5 டன்னுக்கு மேல போற மெஷினுக்கு குறைஞ்சது நாலு கட்டு கட்டாயம், வாளி மாதிரி துணைப் பாகத்துக்கு தனியா. டயர் மேல நிக்கிற மெஷின் குழியில குதிக்கும், குதிச்சு இறங்குறப்ப செயின் ஒரு நொடி தளரும், கொக்கியில பூட்டு இல்லன்னா அந்த நொடியில கழண்டுடும்.

மூட்டை, பேலட் சரக்கு: மேல சுத்துற பிளாஸ்டிக் தாளை மூட்டையையும் பேலட்டையும் சேர்த்து சுத்தியிருக்கணும். பல இடத்துல மூட்டையை மட்டும் அழகா சுத்தி பேலட்டை விட்டுடுவாங்க, அப்போ பேலட் அங்கயே நிக்கும், மூட்டை மட்டும் போகும்.

மணல், ஜல்லி: பலகை மட்டத்துக்கு கீழ நிறுத்துங்க, கூம்பா குவிக்காதீங்க. ஏத்தினதும் பலகை மேல் விளிம்பு, பின் கதவு இடுக்கு, மட்கார்டு மேல எல்லாம் கிடக்கிற கல்லைத் தட்டி விடுங்க. பின்னாடி வர்றவங்க கண்ணாடியை உடைக்கிறது பெரும்பாலும் உள்ள இருக்கிற ஜல்லி கிடையாது, விளிம்புல உக்காந்துகிட்டு வர்ற அந்த நாலு கல்லு தான்.

8. தார்ப்பாய், நீட்டல், உயரம்

தார்ப்பாய் கடைசில. அது சாமானைப் பிடிக்காது, தூசியையும் பறக்கிற பொருளையும் மட்டும் பிடிக்கும். முன் விளிம்பு நல்லா மடிச்சு கட்டியிருக்கணும், அங்க ஒரு கை நுழையுற இடைவெளி இருந்தாலும் காத்து உள்ள போய் உப்பி கிழிச்சிடும்.

சாமான் வெளிய நீட்டிகிட்டு இருந்தா முதல் கேள்வி: நீளமான வண்டி கிடைக்காதா? கிடைக்கலன்னா உங்க ஊர் சட்டத்துல அனுமதி இருக்கான்னு பாருங்க. அமெரிக்காவுல பின்பக்கம் 4 அடிக்கு மேலயோ பக்கத்துல 4 இன்ச்சுக்கு மேலயோ நீட்டினா குறைஞ்சது 18 இன்ச் சதுரத்துல பளிச்சுனு தெரியுற சிவப்பு இல்லன்னா ஆரஞ்சு கொடி, ராத்திரில விளக்கு. கந்தல் துணியை கம்பி நுனியில சுத்தி விடுறதை எந்தக் கணக்குலயும் சேர்க்க முடியாது, இருட்டுல பின்னாடி வர்றவனுக்கு கம்பி நுனி ஒரு புள்ளியா கூட தெரியாது.

உயரத்தை ஏத்தி முடிச்சு, கட்டி முடிச்சதுக்கு அப்புறம் அளந்து, கேபின்ல கண்ணுக்கு தெரியுற இடத்துல எழுதி ஒட்டுங்க.

9. கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு சுத்து, கிளம்பினதும் ஒரு நிறுத்தம்

வண்டியை இடமிருந்து வலமா ஒரு முழு சுத்து சுத்துங்க, ஒவ்வொரு ராட்செட்டும் மூடியிருக்கா, கொக்கி வாய் உள்பக்கம் பார்க்குதா, பெல்ட் முறுக்கிகிட்டு இருக்கா, தொங்கல் நுனி எல்லாம் சுருட்டிக் கட்டியிருக்கா. தொங்கல் பெல்ட் சக்கரத்துல மாட்டினா லோடையே இழுத்து கீழ போடும். பின் கதவு கொக்கியை கண்ணால பார்த்தா பத்தாது, கையால இழுத்துப் பாருங்க. போட்டோ எடுத்து வச்சுக்குங்க, அடுத்த நிறுத்தத்துல ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

அப்புறம் முதல் நிறுத்தம். எவ்வளவு டைட்டா கட்டினாலும் வண்டி ஓடி அதிர்ந்ததும் சாமான் அமுங்கும், கட்டை நசுங்கும், பெல்ட் நீளும், இறுக்கம் குறையும். இது கட்டினவன் தப்பு கிடையாது, லோடு உக்காருற விதமே அப்படித்தான். அமெரிக்க விதி முதல் 50 மைலுக்குள்ள, அதாவது சுமார் 80 கிலோமீட்டருக்குள்ள நிறுத்திப் பார்க்க சொல்லுது. அதுக்கப்புறம் 3 மணி நேரம் இல்லன்னா 150 மைல், எது முதல்ல வருதோ அப்போ. நான் புதுசா வர்றவங்க கிட்ட சொல்றது இன்னும் சீக்கிரம்: நாலஞ்சு வளைவும் ரெண்டு பிரேக்கும் முடிஞ்சதும் பாதுகாப்பான முதல் இடத்துல நிறுத்துங்க. வழியில பாதி சரக்கை இறக்கினா அதையும் புது லோடா நினைச்சு முட்டுல இருந்து ஆரம்பிக்கணும், ஏன்னா இது வரைக்கும் அந்த இறக்கின சரக்கு தான் மீதிக்கு முட்டா இருந்துச்சு.

டிரைவருக்கு கட்டு சரியில்லன்னு தோணினா வண்டியை எடுக்க மறுக்கிற உரிமை இருக்கணும். கட்டினது லோடுமேன், அவசரப்படுத்துறது ஆபீஸ், ஆனா ரோட்டுல பதில் சொல்றது ஸ்டியரிங் பிடிச்சவர்.

10. வழியில நகர்ந்துட்டா, விழுந்துட்டா

கண்ணாடியில லோடு சாஞ்ச மாதிரி தெரிஞ்சா அடிச்சு பிரேக் போடாதீங்க, சட்டுனு திருப்பாதீங்க. மெதுவா வேகம் குறைச்சு, சாஞ்ச பக்கம் ஆள் நடமாட்டம் இல்லாத இடமா பார்த்து நிறுத்துங்க. சாஞ்ச லோடோட பெல்ட்டை அவுக்காதீங்க, இப்போ அந்த பெல்ட் தான் எல்லாத்தையும் பிடிச்சுகிட்டு இருக்கு.

எதாவது ரோட்டுல விழுந்துட்டா ஓடிப் போய் எடுக்கத் தோணும், வேக சாலையில அது உயிரைக் கேட்கும். நாலு விளக்கையும் போட்டு, பின்னாடி தூரமா முக்கோணம் வச்சு, போலீசுக்கோ சாலைக் கட்டுப்பாட்டுக்கோ போன் பண்ணி எந்த லேன்ல என்ன கிடக்குன்னு சொல்லுங்க. அமெரிக்காவுல வண்டி ஓட்டுறவங்களோட சங்கமான டிரிபிள் ஏ அமைப்போட ஆய்வுப்படி 2011ல இருந்து 2014 வரைக்கும் ரோட்டுல கிடந்த பொருளால 2 லட்சத்துக்கு மேல விபத்து, 500க்கு மேல சாவு, அதுல ஏறக்குறைய மூணுல ரெண்டு பங்கு வண்டியில இருந்து விழுந்த சாமானும் கழண்ட பாகமும். இதுல நிறைய பேர் பொருள் மேல மோதி அடிபட்டவங்க இல்ல, அதுக்கு விலகப் போய் வேற எதுலயோ மோதினவங்க. அதனால சின்ன கட்டை தானே விழுந்துச்சுன்னு போயிடாதீங்க.

11. இறக்குறப்ப, காலி வண்டி எடுக்கிறப்ப

பெல்ட்டைத் தொடுறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் போய் லோடு எந்தப் பக்கம் சாஞ்சிருக்குன்னு பாருங்க. பைப், மரத்தடி, உயரமான பெட்டின்னா ஃபோர்க்லிஃப்ட்டோ கிரேனோ பிடிச்சதுக்கு அப்புறம் தான் அவுக்கணும், விழக்கூடிய பக்கம் யாரும் நிக்கக் கூடாது. பக்கக் கதவைத் திறக்கிறப்ப நேரா எதிர்ல நிக்காதீங்க, கதவு மேல லோடு சாஞ்சிருந்தா கொக்கி எடுத்த நொடியே கதவு உங்க மேல வரும்.

சரக்கு இறங்கினதும் வேலை முடிஞ்சதுன்னு எல்லாரும் கிளம்பிடுவாங்க. தரையில கிடக்கிற கட்டை, ஆப்பு, மேட், கழட்டின பெல்ட், இதெல்லாம் காலி வண்டியோட வேகத்துல பறக்கும், பக்கப் பலகை இல்லாத வண்டின்னா கேட்கவே வேணாம். ரெண்டு கிலோ ஆப்பு ஒண்ணு பைக்ல வர்றவரோட நெஞ்சுல பட்டா போதும். கட்டையை எண்ணி பெட்டியில போடுங்க, செயினை சுருட்டி பூட்டுங்க, மேட்டை உதறி மடிச்சு வைங்க, கிழிஞ்ச பெல்ட்டை அங்கயே ரெண்டா வெட்டி குப்பையில போடுங்க, முழுசா விட்டா நாளைக்கு யாராவது எடுத்து திரும்ப கட்டிடுவாங்க. அப்படியே தரையையும் கூட்டி விட்டுட்டா அடுத்த லோடு ஏத்துறவங்களுக்கு மூணாவது படி பாதி முடிஞ்சுடும்.